சிறு கணனி ஏன் சோர்கிறது?

உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணனிகள் இன்று எமது கிராமங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆந் திகதி பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த ‘ராஸ்பெரி பை’ இவற்றுள் பலரும் அறிந்தது. லினக்ஸ் என்னும் இலவச இயக்க மென்பொருளைக் கொண்டு இது வேலை செய்கிறது. இணைய வசதி இல்லாத ஒரு வாசிகசாலையில், ‘கிவிக்ஸ்’ என்ற மென்பொருளின் உதவியுடன் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இதில் ஏற்றி வைக்கலாம். ‘கொலிப்ரி’ என்ற மென்பொருளைக் கொண்டு பாடங்களையும் காணொளிகளையும் ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகளின் கைபேசிகளுக்கு வழங்கலாம். பங்கின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்துச் சேமிப்பதற்கும் மாதர் சங்கத்தின் கடன் கணக்கை எழுதுவதற்கும் இது போதுமானது.

ஆனால் ஒரு முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்கிறது. “வாங்கிய புதிதில் நன்றாக ஓடியது, இப்போது ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிடம் பிடிக்கிறது, வன்தட்டைச் செருகினால் நின்று விடுகிறது.” அடுத்து நடப்பது என்னவென்றால், பலகை பழுது என்று தீர்மானித்து அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டி விட்டு, இன்னும் வேகமான புதியது ஒன்றுக்காக உதவி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். இங்கே ஒரு விடயத்தைக் கவனித்தல் நன்று. இவ்வாறு சோர்ந்து போகும் பலகைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இல்லை. போதிய மின்சாரம் கிடைக்காதபோதும் உடல் சூடேறியபோதும் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பலகையை அதே வயரில் கொழுவினால், அது பழையதிலும் மோசமாக நடந்துகொள்ளும். ஏனெனில் வேகமான பலகைக்குக் கூடுதலான மின்னோட்டம் வேண்டும்.

வேகம் என்று எதைச் சொல்கிறோம்?

புரொசசர் எனப்படும் செயலியின் வேகம் மெகாஹேட்ஸ் என்ற அலகில் சொல்லப்படும். 2012 இல் வந்த முதற் பலகை 700 மெகாஹேட்ஸ். 2016 இல் வந்த மூன்றாவது தலைமுறை 1200. 2019 இல் வந்த நான்காவது 1500. 2023 இல் வந்த ஐந்தாவது 2400. மூன்றாவதும் நான்காவதும் வேலை எதுவுமின்றிச் சும்மா இருக்கும்போது 600 மெகாஹேட்ஸுக்குத் தாமே இறங்கி ஓய்வெடுக்கும். இது குறையன்று. எனவே கணனி சும்மா இருக்கும் வேளையில் அளந்து பார்த்து “பாதி வேகத்துக்கும் குறைவாக ஓடுகிறது” என்று பதறத் தேவையில்லை. பிள்ளைகள் அனைவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும். அந்நேரத்திலும் 600 இல் நிற்குமாயின் கவலைப்பட நியாயம் உண்டு.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

கிணற்றடியில் உள்ள பம்பிலிருந்து தோட்டத்தின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் விடுபவர்களுக்கு இதனை விளக்குவது இலகு. பம்ப் நல்லதுதான், கிணற்றில் தண்ணீரும் உண்டு. ஆனால் குழாய் நீண்டும் ஒடுங்கியும் இருந்தால் மறுமுனையில் தண்ணீர் வலுவின்றியே வரும். குழாய் வாயை விரலால் அடைத்துச் சிறிதளவே விடும்போது அழுத்தம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். முழுதாகத் திறந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடும். மின்சாரமும் வயரில் இவ்வாறே நடந்துகொள்கிறது.

பலகைக்கு 5 வோல்ற்று வேண்டும். அது 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால், பலகையிலுள்ள காவற்சுற்று அதனை உணர்ந்து செயலியின் வேகத்தைக் குறைக்கச் செய்யும். திரையின் மூலையில் மஞ்சள் நிற மின்னற்குறி தோன்றுவது இதனாலேயே. 2012 இல் வந்த முதற் பலகைகளிலும் ‘சீரோ’ எனப்படும் சிறிய வகையிலும் இக்காவற்சுற்று இல்லை. அவை எச்சரிக்கை தராமலே நின்றுவிடும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கைபேசிக்கு மின்னேற்ற விற்கப்படும் மலிவான கேபிள்கள் பலவற்றில் மின் செல்லும் கம்பி 28 ஏ.டபிள்யூ.ஜி. என்ற மெல்லிய ரகம். அதன் தடை மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் வேண்டுமாதலால் ஒரு மீற்றர் கேபிளில் இரண்டு மீற்றர் கம்பி உண்டு. மொத்தத் தடை 0.43 ஓம். கணனி சும்மா இருக்கையில் 0.4 அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் இழப்பது 0.17 வோல்ற்று மட்டுமே, பலகைக்கு 4.83 வந்து சேரும். யாவும் நலம். பிள்ளைகள் வந்து பாடத்தைத் திறக்க, பென் டிரைவும் வேலை செய்யத் தொடங்க, மின்னோட்டம் 1 அம்பியராகிறது. இழப்பு 0.43 வோல்ற்று. பலகைக்குக் கிடைப்பது 4.57. அந்தக் கணமே வேகம் விழுகிறது. அதாவது, வேகம் தேவைப்படும் நேரத்தில் மாத்திரம் வேகம் இல்லாமற் போகிறது. “நான் தனியே இருந்து பார்த்தபோது நன்றாக ஓடியதே” என்று ஆசிரியர் சொல்வதன் இரகசியம் இதுதான்.

அதே கேபிளில் 24 ஏ.டபிள்யூ.ஜி. கம்பி இருந்தால் மொத்தத் தடை 0.17 ஓம் அளவே. 1 அம்பியர் ஓடினாலும் 4.83 வோல்ற்று கிடைக்கும். இந்த எண் சிறியதாக இருக்க இருக்கக் கம்பி தடிப்பானது என்பதை மனத்திற் கொள்ளுங்கள். பல கேபிள்களின் மேலுறையில் இவ்வெண் மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் வாசியுங்கள். அச்சிடப்படாத கேபிளாயின், குட்டையானதையும் தடிப்பானதையும் தெரிந்தெடுங்கள். ராஸ்பெரி பை நிறுவனம் தனது சொந்த மின்வழங்கியை 5 வோல்ற்றுக்குப் பதிலாக 5.1 வோல்ற்று தருமாறு செய்திருப்பதும் இவ்விழப்பை ஈடுசெய்யவே.

சார்ஜரிலும் ஒரு சூது உண்டு. “18 வாற்”, “வேக மின்னேற்றி” என்ற பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இத்தகையவை கைபேசியுடன் பேசி 9 வோல்ற்றோ 12 வோல்ற்றோ கொடுத்தே அந்த வலுவை எட்டுகின்றன. எமது பலகை 5 வோல்ற்றை மாத்திரம் ஏற்கும். ஆகவே சார்ஜரின் முதுகில் 5 வோல்ற்றுக்கு நேரே எத்தனை அம்பியர் எழுதப்பட்டுள்ளது என்பதே எமக்குத் தேவை. மூன்றாவது தலைமுறைக்கு 2.5 அம்பியர், நான்காவதற்கு 3, ஐந்தாவதற்கு 5 அம்பியர் பரிந்துரைக்கப்பட்டுள்ளது.

நான்காவது தலைமுறையின் முதல் வெளியீட்டில் வேறொரு வில்லங்கமும் இருந்தது. அதன் மின்வாயில் அமைப்பில் ஒரு தடையி குறைவாக வைக்கப்பட்டமையால், உள்ளே அடையாளச் சில்லுள்ள விலையுயர்ந்த கேபிள்களை அது ஏற்க மறுத்தது. 2019 இல் நிறுவனமே இதனை ஒப்புக்கொண்டு பின்னைய பலகைகளில் திருத்தியது. பழைய நான்காவது பலகை வைத்திருப்பவர்கள், விலையுயர்ந்த கேபிளில் உயிர் வராவிட்டால் சாதாரணத் தடித்த கேபிளில் ஒருமுறை முயன்று பார்க்கவும்.

சூரியசக்தியில் ஓடுபவை

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் பற்றரியும் சூரியத்தகடும் பொருத்திய நிலையங்கள் சிறு கணனியையும் அதிலேயே இணைக்க விரும்புவது இயல்பு. 12 வோல்ற்று பற்றரியிலிருந்து 5 வோல்ற்றுக்கு இறக்கும் சிறிய மாற்றிகள் கடைகளில் உண்டு. இதில் மாற்றியை எங்கே வைப்பது என்பதே முக்கியம். பற்றரிக்கு அருகில் மாற்றியை வைத்து, அங்கிருந்து 5 வோல்ற்றை நீண்ட வயரில் கொண்டுவரக் கூடாது. 12 வோல்ற்றை நீண்ட வயரில் கொண்டுவந்து, கணனிக்குப் பக்கத்தில் மாற்றியை வைக்க வேண்டும். 12 வோல்ற்றில் வரும்போது மின்னோட்டம் பாதிக்கும் குறைவு. வழியில் அரை வோல்ற்று இழந்தாலும் மாற்றி மறுமுனையில் சரியாக 5 ஐயே தரும். பற்றரியின் நேர்முனைக்கு அருகே ஓர் உருகி கட்டாயம் இருக்க வேண்டும்.

பல்மானி உள்ளவர்கள் அளந்தே பார்க்கலாம். பலகையின் 40 ஊசிகளில், மெமரி காட் உள்ள முனையிலிருந்து தொடங்கும் வெளிவரிசையைப் பாருங்கள். முதலிரண்டு ஊசிகளும் 5 வோல்ற்று, மூன்றாவது மறைமுனை. கணனி கடும் வேலையில் இருக்கும்போது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே அளக்கவும். 4.8 க்கு மேல் இருந்தால் நிம்மதி. 5.25 ஐத் தாண்டக் கூடாது. அளக்கும் கோல் வழுக்கி உள்வரிசை ஊசியைத் தொட்டால் பலகை அக்கணமே போய்விடும். கை நடுங்குபவர்கள் இவ்வேலையை இளைஞரிடம் விடுவது நல்லது.

கணனியே சொல்லும் சாட்சி

பல்மானி இல்லாவிட்டாலும் வழியுண்டு. கட்டளைத் திரையில், ஆங்கில எழுத்துக்களில் வி, சி, ஜி, ஈ, என், சி, எம், டி என்பவற்றை ஒரே சொல்லாகத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ‘கெற்’ என்ற சொல்லையும் ‘த்ரொட்டில்ட்’ என்ற சொல்லையும் அடிக்கோட்டினால் இணைத்துத் தட்டுங்கள். 0எக்ஸ்0 என்று விடை வந்தால் குறை ஏதுமில்லை. வேறு எண் வந்தால் அதன் கடைசி இலக்கம் இக்கணத்தின் நிலையைச் சொல்கிறது: 1 என்றால் மின்னழுத்தம் குறைவு, 2 என்றால் வேகத்துக்கு மேல்வரம்பு இடப்பட்டுள்ளது, 4 என்றால் வேகம் குறைக்கப்பட்டுள்ளது, 8 என்றால் வெப்பத்தின் முதல் எல்லை தாண்டப்பட்டுள்ளது. ஒன்றுக்கு மேற்பட்டவை சேரும்போது கூட்டிக் காட்டும். ஐந்து இலக்கங்கள் வருமாயின், முதலாவது இலக்கம் கணனியை முடுக்கியதிலிருந்து எப்போதாவது அவ்வாறு நடந்ததா என்பதை அதே முறையில் சொல்லும்.

0எக்ஸ்50005 என்று வந்ததென்றால், 5 என்பது 4 உம் 1 உம். மின்னழுத்தம் குறைந்து வேகமும் குறைந்துள்ளது, இப்போதும்தான், முன்னரும்தான். 0எக்ஸ்50000 என்றால் இப்போது சரி, ஆனால் முன்னர் நடந்துள்ளது. இரவில் வந்து பார்க்கும் திருத்துநருக்கு இந்தப் பழைய சாட்சி மிக உதவும். கணனியை நிறுத்தி முடுக்கினால் இது அழிந்துவிடும். ஆகவே “முதலில் நிறுத்திப் போட்டுப் பார்ப்போம்” என்ற வழமையான வைத்தியத்தைச் செய்யுமுன் இந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைக்கவும்.

வெப்பம்

செயலி 80 பாகை செல்சியசை நெருங்கும்போது வேகம் படிப்படியாகக் குறையத் தொடங்கும். 85 பாகைக்கு மேற்போக அது இடங்கொடாது. 2018 இல் வந்த ‘3 பி பிளஸ்’ என்ற பலகை 60 பாகையிலேயே 1400 இலிருந்து 1200 க்கு இறங்கிவிடும். தகரக் கூரையின் கீழ், பங்குனி சித்திரை வெயிலில், மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருக்கும் பலகையின் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் நன்றாக ஓடிப் பகல் பதினொரு மணிக்குப் பின் சோருமானால் சந்தேகம் வெப்பத்தின் மீது விழட்டும். மேலே சொன்ன கட்டளையில் இறுதிச் சொற்களுக்குப் பதிலாக ‘மெஷர்’, ‘ரெம்ப்’ என்ற இரண்டையும் அவ்வாறே இணைத்துத் தட்டினால் வெப்பநிலை தெரியும்.

மருந்து மலிவானது. செயலியின் மேல் ஒட்டும் அலுமினியத் தகடு, இயலுமாயின் ஒரு சிறு விசிறி. பலகையைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்தாலே சில பாகை குறையும். பெட்டியில் துளையிடுபவர்கள் மெல்லிய வலையால் மூடவும். எறும்பும் பல்லியும் இளஞ்சூட்டை விரும்பி வந்து குடியேறும்.

நான்கு வாயில், ஓர் ஒழுங்கை

இனி யூ.எஸ்.பி. பக்கம் வருவோம். நான்காவது தலைமுறைக்கு முந்திய பலகைகள் பலவற்றில் நான்கு யூ.எஸ்.பி. வாயில்கள் இருக்கும். ஒரு வளவுக்கு நான்கு படலைகள் இருந்தும் அவை யாவும் ஒரே ஒழுங்கையில் திறப்பது போன்றது இது. வலைக் கேபிள் செருகும் வாயிலும் அதே ஒழுங்கையிலேயே சேர்கிறது. அந்த ஒழுங்கையின் கொள்ளளவு செக்கனுக்கு 480 மெகாபிற்; கணக்கின்படி 60 மெகாபைற், நடைமுறையில் 30 முதல் 40 வரையே கிடைக்கும். வன்தட்டிலிருந்து ஒரு காணொளியை வலைக் கேபிள் வழியே அனுப்பும்போது, அது உள்ளே வரவும் வெளியே போகவும் அதே ஒழுங்கையையே இருமுறை பயன்படுத்துகிறது. இதனை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. வன்தட்டை வேறு வாயிலில் மாற்றிக் கொழுவுவதாலும் பயனில்லை.

2019 இல் வந்த நான்காவது தலைமுறையில் வலைக்குத் தனிப்பாதை கிடைத்தது. நீல நிறமுள்ள இரண்டு யூ.எஸ்.பி. 3 வாயில்களும் வந்தன. வன்தட்டு நீல வாயிலில் இருந்தும் மெதுவாக ஓடினால், ‘எல்.எஸ்.யூ.எஸ்.பி.’ என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் ‘ரி’ எழுத்தும் சேர்க்கவும். வன்தட்டுக்கு நேரே 5000 என்று வரவேண்டும். 480 என்று வந்தால் அது பழைய வேகத்தில் இணைந்துள்ளது. இடையில் பழைய நீட்டுக் கேபிள் இருக்கலாம், அல்லது செருகியை மெதுவாகத் தள்ளியிருக்கலாம். கழற்றி ஒரே மூச்சில் செருகிப் பாருங்கள். கரையோரக் கிராமங்களில் உப்புக்காற்றால் வாயிலின் தகடுகளில் பச்சை பிடிப்பதும் உண்டு.

வன்தட்டைச் செருகியவுடன் வைஃபை நலிந்து போனால் வியப்படைய வேண்டாம். யூ.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையைக் குழப்பும் என்பதை இன்ரெல் நிறுவனம் 2012 இலேயே விளக்கியுள்ளது. நல்ல உறையுள்ள குறுங்கேபிளால் வன்தட்டைப் பலகையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் குறையும். ஒரு வகுப்பு முழுவதற்கும் பலகையின் உள் வைஃபையை நம்பாமல் தனி ரவுட்டர் வைப்பதே எனது அபிப்பிராயம்.

வன்தட்டின் பசியும் பெரிது. நான்காவது தலைமுறையின் நான்கு வாயில்களும் சேர்ந்து 1.2 அம்பியர் வரையே கொடுக்கும். சுழலும் வன்தட்டு ஒன்று தொடங்கும் கணத்தில் அதில் பெரும்பகுதியை இழுக்கும். இரண்டு செருகினால் இரண்டும் விழும். ஐந்தாவது தலைமுறைக்கு 3 அம்பியர் மின்வழங்கி கொடுத்தால் அது வாயில்களுக்கு 0.6 அம்பியர் மட்டுமே விடும். 5 அம்பியர் மின்வழங்கி இருந்தால் 1.6 வரை தரும். வன்தட்டு ‘டிக் டிக்’ என்று ஒலித்து மறைந்து மறைந்து தோன்றினால், தனி மின்வழங்கியுள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் வைப்பதே வழி. அந்த ஹப் தன் மின்சாரத்தைப் பலகைக்குள் பின்வழியாகத் தள்ளாத தரமானதாக இருக்க வேண்டும். பலகையின் மின்னை நிறுத்திய பின்னும் அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஹப்பை மாற்றுங்கள்.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

மின்சாரமும் வெப்பமும் சரி, ஆயினும் மெதுவென்றால், ‘டொப்’ என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். மேல்வரிசைகளில் செயலியின் நேரம் எவ்வாறு செலவாகிறது என்பது நூற்றுவீதமாக இருக்கும். ‘டபிள்யூ, ஏ’ என்ற ஈரெழுத்துக்கு முன்னுள்ள எண் 30, 40 என்று ஏறியிருந்தால், செயலி வேலையின்றி வன்தட்டுக்காகவோ மெமரி காட்டுக்காகவோ காத்திருக்கிறது. அவ்வேளையில் வேகமான செயலி வாங்குவது வீண்செலவு. ‘யூ, எஸ்’ என்ற எண் ஏறியிருந்தால்தான் செயலிக்கு வேலை அதிகம்.

இவ்விரண்டும் சந்திக்கும் ஓரிடம் உண்டு. விண்டோஸ் கணனிக்கென ‘என்.ரி.எஃப்.எஸ்.’ முறையில் அமைக்கப்பட்ட வன்தட்டை லினக்ஸின் பழைய மென்பொருள் வழியாக எழுதும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் செயலி பாடுபட வேண்டும். மூன்றாவது தலைமுறைப் பலகையில் வன்தட்டு நன்றாயிருந்தும் எழுத்து ஆமை வேகத்தில் நடப்பது இதனால்தான். எப்போதும் அதே பலகையில் இருக்கப்போகும் வன்தட்டை லினக்ஸின் சொந்த ‘எக்ஸ்ற் 4’ முறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பவை யாவும் அழியும். முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைக்கவும்.

மெமரி காட்டில் கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்குகிறோம். இயக்க மென்பொருள் சின்னஞ்சிறு துண்டுகளாக எழுதுவதால், ‘ஏ 1’ என்ற குறியுள்ள காட்டே ஏற்றது. சந்தையில் 64 ஜிகாபைற் என்று முகத்தில் எழுதி உள்ளே 8 மட்டுமே கொண்ட போலிகளும் உலவுகின்றன. ‘எஃப் 3’ என்ற இலவச மென்பொருள் காட்டை முழுதும் எழுதி வாசித்து உண்மையைச் சொல்லும். பதிவேட்டுப் படங்களை ஏற்றுமுன் இச்சோதனையைச் செய்யுங்கள். அதற்காக ஓரிரவு கணனியை ஓடவிட நேர்ந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் காட்டிலுள்ள கோப்புக்கள் சிதையும். பாடங்களை வாசிக்கக் கொடுப்பது மட்டுமே கணனியின் வேலையாயின், அமைப்புப் பட்டியலில் ‘ஓவர்லே’ என்ற தெரிவை இயக்கிவிடலாம். அதன்பின் காட்டில் எதுவும் எழுதப்படமாட்டாது. எந்நேரம் மின்சாரம் போனாலும் பாதிப்பில்லை. கணக்கும் பதிவேடும் எழுதும் கணனிக்கு இது பொருந்தாது. அதற்குச் சிறிய பற்றரி ஒன்றும், வாரமொருமுறை படியெடுத்து வேறொரு கட்டடத்தில் வைக்கும் பென் டிரைவ் ஒன்றும் வேண்டும். படியெடுத்த உடனே பென் டிரைவை இழுத்துவிடாதீர்கள். திரையில் முடிந்துவிட்டதாகக் காட்டிய பின்னரும் லினக்ஸ் சிறிது நேரம் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். முறைப்படி விடுவித்து, ‘அகற்றலாம்’ என்ற செய்தி வந்த பின்பே கழற்றவும்.